வெட்டிப்போட்ட மிளாறும் வேலியாகும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால பேசினவங்க சேமிப்பு, கடன், வங்கி இணைப்புன்னு நல்லாச் சொல்லிட்டாங்க. நான் வேலியைப் பற்றிப் பேசலாம்னு இருக்கேன். "இது என்ன, வேலியைப் பற்றிப் பேச ஒரு மேடையா?"ன்னு நினைக்காதீங்க. நம்ம குழுக்களில் கடன் கேட்டு வர்ற மனுக்களைப் பாருங்க. ஆடு வாங்க, மாடு வாங்க, பிள்ளை படிப்புக்கு, அதுக்கு அடுத்தபடியா "தோட்டத்துக்குக் கம்பி வேலி போட"ன்னு வருது. அந்தக் கடன் தேவைதானா, அதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்னுதான் பேச வந்தேன்.

நம்ம பக்கத்து வேலி

காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம், மூலனூர் பக்கமெல்லாம் கொறங்காடு இருக்கிறது உங்களுக்குத் தெரியும். திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் இருக்கிற மேய்ச்சல் காடு அது. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவுல நடுவுல வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடு இந்தக் காட்டுலதான் மேய்ந்து வளர்ந்தது. மாட்டைக் காவல் காக்க ஆள் போட்டாங்களா? இல்லைங்க. கடவுல படலைச் சாத்திட்டு வந்தாங்க, அவ்வளவுதான். மற்றதைக் கிளுவை பார்த்துக்கிச்சு.

அந்தக் கிளுவையை யாரும் நாற்றங்காலில் வாங்கலை. பக்கத்துக் காட்டு வேலியை அரக்கும்போது விழுந்த போத்தை எடுத்து வந்து ஊன்றினாங்க. வெட்டின குச்சியே வேர் பிடிச்சு வேலியாச்சு. இரண்டு தோட்டத்துக்கும் நடுவுல வண்டி போற தடத்துக்கு இட்டேரின்னு பேர். இரண்டு பக்கமும் உயிர்வேலி. அதுலதான் கோவைக்காய், தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, இலந்தை, சூரைப்பழம் எல்லாம் பறிச்சோம். ஒரு பைசா செலவில்லாத காய்கறிக்கடை, மருந்துக்கடை.

இப்போ இட்டேரியை ஜேசிபி விட்டு வழிச்சு அகலம் பண்றோம். கிளுவையைப் பிடுங்கிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுறோம். முருங்கைத் தோட்டத்தில் கவாத்து பண்ணின கிளை, கொடுக்காப்புளிக் கிளை, வேப்பங்கிளை, மின்கம்பியில உரசுதுன்னு வெட்டிப் போட்ட கிளை, எல்லாத்தையும் ஓரமாக் குவிச்சுத் தீ வைக்கிறோம். ஒரு பக்கம் வேலிக்கான சரக்கைக் கொளுத்துறோம், இன்னொரு பக்கம் வேலி வாங்கக் கடன் எழுதுறோம்.

கணக்கு

10 சென்ட் இடம்னு வெச்சுக்குங்க. 4,356 சதுர அடி. சதுரமா இருந்தா ஒரு பக்கம் 66 அடி, சுற்றளவு 264 அடி. அடிக்கு ஒரு போத்து வீதம் நட்டா 264 போத்து. நெருக்கமா அரை அடிக்கு ஒன்று நட்டா 528. ஒரு ஏக்கர்னா சுற்றளவு ஏறத்தாழ 835 அடி, அடிக்கு ஒன்றுன்னா 835 போத்து. நன்றாக வளர்ந்த பழைய கிளுவை வேலியை ஒரு தடவை அரக்கினாலே கட்டுக் கட்டாகப் போத்து கிடைக்கும்.

இப்போ கடன் பக்கம் பாருங்க. கம்பி, கல்லுக்கால், ஆள் கூலின்னு குழுவில் 20,000 ரூபாய் வாங்குறீங்க. மாதம் 1,000 வீதம் 20 மாதத்தில் கட்டுறீங்க, வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய், குறையும் அசலுக்குத்தான் வட்டி. அப்படிப் பார்த்தாலும் வட்டி மட்டும் 2,100 ரூபாய் வரும். கம்பியோ வெச்ச நாளிலிருந்து துருப்பிடிக்க ஆரம்பிக்கும். கிளுவை வெச்ச நாளிலிருந்து வளர ஆரம்பிக்கும். அந்த 20,000-க்கு ஆடு வாங்கியிருந்தா குட்டி போட்டிருக்கும்.

கம்பி வேலியே தப்புன்னு நான் சொல்லலைங்க. ரோட்டோரம் இருக்கிற இடம், உடனே பாதுகாப்பு வேணும்னா போட்டுத்தான் ஆகணும். நாலு பக்கமும் போடணுமான்னு யோசிங்கன்னுதான் சொல்றேன்.

மிளாறு வேலி போடுற முறை

போத்து நட்டா வேர் பிடிச்சு மேலே வர வரைக்கும் ஆடு விடாதே, கடிச்சுப் போடுமேன்னு கேட்பீங்க. நியாயம். அதுக்குத்தான் வெட்டிப்போட்ட மிளாறு. காய்ந்த மிளாறால ஒரு வேலி போட்டு, அதுக்கு உள்பக்கமா உயிர்ப் போத்தை நடணும். மிளாறு இரண்டு மூன்று வருஷத்தில் மக்கும். அதுக்குள்ள போத்து தழைஞ்சு வேலி ஆகிடும். செத்த வேலி உயிர்வேலியைக் காவல் காத்துட்டு, தானும் எருவாப் போயிடும்.

முதல்ல எல்லை. பக்கத்துக் காட்டுக்காரரையும் வெச்சுக்கிட்டு அத்துக்கல்லைப் பார்த்துக் கயிறு பிடிங்க. சந்தேகம் இருந்தா புலப்படம் வாங்கிப் பார்த்துக்குங்க. நம்ம எல்லையில் இருந்து ஒரு அடி உள்ளே தள்ளி வேலியைத் தொடங்குங்க. நாளைக்குக் கிளை அந்தப் பக்கம் போச்சுன்னு சண்டை வராது.

இரண்டாவது முளைக்குச்சி. இரண்டு வரிசை, வரிசைக்கு இடையில் 2 அடி. ஒவ்வொரு வரிசையிலும் 3 அடிக்கு ஒரு குச்சி. எதிரெதிரே வராம மாற்றி மாற்றி அடிங்க. கடப்பாரையால குழி போட்டு ஒன்றரை அடி ஆழம் இறக்குங்க. குச்சிக்குக் கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, பூவரசு, ஒதியன் பச்சைக் கிளையை எடுத்தா அதுவே துளிர்த்துக்கும்.

மூன்றாவது நிரப்புறது. கைத்தண்டி கனமான கிளையை அடியில் போடுங்க. மேலே நடுத்தரமான கிளை. அதுக்கு மேலே மெல்லிசான மிளாறு. முள்ளை வெளிப்பக்கம் பார்த்து வையுங்க. ஒவ்வொரு அடுக்கும் போட்டதும் செருப்புக் காலோட ஏறி மிதிச்சு அமுக்குங்க. மார் உயரம் போட்டாலும் ஒரு மழைக்காலம் போனா இடுப்பளவுக்கு இறங்கிடும். வருஷா வருஷம் கவாத்து பண்ணும்போது மேலே போட்டுக்கிட்டே வரணும்.

நாலாவது போத்து. கட்டைவிரல் தண்டிக்குக் குறையாம, 3 அல்லது 4 அடி நீளம். கிளுவை, கள்ளி மாதிரி பால் வடியிற போத்தை வெட்டின உடனே நடாதீங்க. நிழலில் இரண்டு மூன்று நாள் கிடத்தி வெட்டுவாய் காய்ந்ததும் நடுங்க, அழுகாது. ஒரு அடி ஆழம் ஊன்றி மண்ணை இறுக மிதிச்சு விடுங்க. மழை பிடிக்கும் முன்னாடி நட்டா தண்ணி ஊற்றுற வேலை மிச்சம். தலைகீழா நட்டுடாதீங்க. அடிப்பக்கத்தைச் சரிவாவும் நுனிப்பக்கத்தை நேராவும் வெட்டிக்கிட்டா குழப்பம் வராது.

ஐந்தாவது கொடி. மிளாறு மேலே கோவை, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, வேலிப்பருத்தி ஏற்றி விடுங்க. பிரண்டைக்கு இரண்டு கணு இருக்கிற துண்டு போதும்.

போடக்கூடாதது என்னன்னும் சொல்லிடறேன். கம்பளிப்பூச்சி அப்பின முருங்கைக் கிளை, மாவுப்பூச்சி பிடிச்ச கிளை வேண்டாம். சீமைக்கருவேல முள் போடலாம், ஆனா காய் இருந்தா உதறிட்டுப் போடுங்க. இல்லைன்னா நாமளே விதைச்ச மாதிரி ஆகிடும். உண்ணிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு இரண்டையும் வேலிக்குன்னு நடாதீங்க. பரவ ஆரம்பிச்சா வாய்க்கால், குளம் எதையும் விடாது. திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டா ஆபத்து, வெட்டும்போது முகத்தைத் தள்ளி வெச்சுக்குங்க. குன்றிமணிக் கொடி வந்தா, சின்னப் பிள்ளைக இருக்கிற வீட்டில் பிடுங்கிடுங்க. விதை விஷம். பழைய நைலான் வலை, மீன் வலை, பிளாஸ்டிக் சாக்கு எதையும் வேலியில் சொருகாதீங்க. பாம்பும் பறவையும் அதில் மாட்டிச் சாகும்.

வேலியில் குடியிருக்கிறவங்க

"ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி"ன்னு பழமொழி சொல்வோம். கம்பி வேலியில ஓணான் எங்கீங்க இருக்குது?

மிளாறு வேலி போட்ட முதல் வருஷமே ஆள் வந்து குடியேறும். அடியில் ஈரம் இருக்கும், அங்கே தேரை வரும். இராத்திரி முழுக்க பூச்சி தின்னும். தவிட்டுக்குருவி கூட்டமா வந்து கிளறும். செம்போத்து வரும். கௌதாரியும் காடையும் அடியில் ஒதுங்கும். ரெட்டைவால் குருவி குச்சி நுனியில் உட்கார்ந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும். எருக்கு ஒன்று ஓரமா இருந்தா வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும்.

காய்ந்த கட்டையில் உருண்டையா ஓட்டை போட்டு ஒரு கருப்பு வண்டு குடியிருக்கும், பார்த்திருப்பீங்க. அது தச்சுத் தேனீ வகை. முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்க்கிறதில் அதுக்குப் பெரிய பங்கு. கட்டையை எல்லாம் கொளுத்திட்டு முருங்கையில் காய் பிடிக்கலைன்னா யாரைக் கேட்கிறது?

கீரி வரும். உடும்பு வரும். நம்ம வறண்ட காட்டுப் பக்கம் முள்ளெலியும் உண்டு. சின்னதா, பந்து மாதிரி சுருண்டுக்கும். இராத்திரியில வந்து வண்டும் புழுவும் தின்னும். அதுக வந்து போக அடியில் சாண் அகலத்துக்கு அங்கங்கே சந்து விட்டுடுங்க. பிள்ளைக்குக் கக்குவான் இருமல்னா முள்ளெலி முள்ளைச் சுட்டுத் தேனில் குழைச்சுக் கொடுக்கிற பழக்கம் சில வீட்டில் இருந்துச்சு. வேண்டாமுங்க. குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் தொடங்குற தடுப்பூசியிலேயே கக்குவானுக்கும் சேர்த்துப் போடுறாங்க. இருமல்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, முள்ளெலியை அதுபாட்டுக்கு விடுங்க. கீரி, உடும்பு, நட்சத்திர ஆமை இதையெல்லாம் பிடிக்கிறதும் விற்கிறதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பாம்பு வருமே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம இறங்கினா நீங்க யாரும் வேலி போட மாட்டீங்க. பாம்பு வருமா? வரும். இல்லைன்னு சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

ஆனா பாம்பு எலிக்காக வருது. கம்பி வேலி போட்ட தோட்டத்திலும் எலி இருந்தா பாம்பு வரும். வேலியில் அதிகம் தென்படுறது சாரை. அதுக்கு விஷம் இல்லை, எலி பிடிக்கிற வேலையைப் பார்க்கும். ஆனா நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் நம்ம பக்கம் இருக்கு. அதனால முறையோட இருக்கணும்.

மிளாறு வேலியை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீங்க. குறைஞ்சது 30 அடி தள்ளியே இருக்கட்டும். பிள்ளைக விளையாடுற இடம், கட்டுத்தரை, கக்கூஸ் போற தடம் பக்கத்திலும் வேண்டாம். வேலியின் உள்பக்கம் மூன்று அடி அகலத்துக்குப் புல் இல்லாமச் செதுக்கி வையுங்க, நடமாட்டம் கண்ணுக்குத் தெரியும். வேலிக்குள்ள வெறுங்கையை விடாதீங்க. கோழி முட்டை தேடினாலும், விறகு உருவினாலும் முதல்ல தடியால தட்டுங்க. பொழுது சாய்ஞ்சா டார்ச் இல்லாம அந்தப் பக்கம் போகாதீங்க. தரையில் படுக்காதீங்க.

மீறிக் கடிச்சிருச்சுன்னா, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வெச்சு, 108-க்குப் போன் பண்ணி அரசு மருத்துவமனைக்குப் போங்க. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கு. இதை ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் ஒரு தடவை சொல்லுங்க. வேலி இருந்தாலும் இல்லாட்டியும் இது நமக்குத் தேவை.

தீயும் அப்படித்தான். காய்ந்த மிளாறு, ஒரு பீடித்துண்டு போதும். வைக்கோல் போர், ஓலைச் சாளை பக்கத்தில் போடாதீங்க. வேலியோரம் குப்பை கொளுத்தாதீங்க.

இதால ஆகாதது

மயில் பறந்து வரும், அதை இந்த வேலி தடுக்காது. காட்டுப்பன்றி முட்டித் தள்ளிட்டு வரும். அதுக்காகக் கரண்ட் கம்பி கட்டுறதைக் கனவிலும் நினைக்காதீங்க. திருட்டு மின்வேலியில் யானை, பன்றி மட்டுமில்லை, தண்ணி கட்டப் போன மனுஷங்களும் செத்திருக்காங்க. கட்டினவங்களே மாட்டிச் செத்திருக்காங்க. பன்றி சேதம்னா வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து நிவாரணம் கேளுங்க. தனியாப் போகத் தயங்கினா கூட்டமைப்பு லெட்டர்பேடில் எழுதித் தர்றோம்.

எல்லையும் ஒரு சொத்து

நம்ம கூட்டமைப்பில் ஒரு அக்கா. பேர் சொல்ல வேண்டாம்னாங்க. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அரை ஏக்கர் காட்டை வெச்சுத்தான் பிழைப்பு. ஒவ்வொரு உழவுக்கும் பக்கத்துக் காட்டு டிராக்டர் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கிட்டே வந்துச்சு. கேட்டா, "உழவன் தெரியாம ஓட்டிட்டான்"னு பதில். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டாங்க. கல்லும் ஒருநாள் சாய்ஞ்சு கிடந்துச்சு. அப்புறம் அவங்க குழுவிலிருந்து பதினாலு பேர் ஒரே நாளில் போய், மறுபடி அளந்த எல்லையில் ஒரு அடி உள்ளே தள்ளி மிளாறு வேலி போட்டுக் கிளுவை ஊன்றிக் கொடுத்தாங்க. ஒரு கல்லை இராத்திரியோட இராத்திரியாப் பிடுங்கிடலாம். வேர் பிடிச்சு வரிசையா நிற்கிற இருநூறு கிளுவையை யாருக்கும் தெரியாமப் பிடுங்க முடியாது. அந்த அக்கா இப்போ நிம்மதியாத் தூங்குறாங்க.

பொம்பளை பேரில் இருக்கிற இடம்னா எல்லைதான் முதல்ல கரையும். அதனாலதான் இதை இந்த மேடையில் பேசணும்னு கேட்டு வாங்கினேன். சொந்த இடம் இல்லாதவங்க, குத்தகை இடத்தில் போத்து நடுறதுக்கு முன்னாடி நிலத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. மிளாறு வேலி மட்டும் போட்டா, அது மக்கி அவங்க மண்ணுக்கே எருவாகும், மறுக்க மாட்டாங்க. புறம்போக்கில் யாரும் வேலி போட வேண்டாம்.

அரக்கும்போது

வேலி வளர்ந்ததும் வருஷா வருஷம் மொட்டையா வெட்டாதீங்க. இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் இன்னொரு பக்கம். அப்போதான் குடியிருக்கிற உயிர்களுக்கு ஒதுங்க இடம் இருக்கும். கொடுவாள் போடும் முன்னாடி ஒரு நடை நடந்து பாருங்க. கூடு இருந்தா அந்த இடத்தை விட்டுட்டு மற்றதை வெட்டுங்க. குஞ்சு பறந்ததும் வெட்டிக்கலாம், வேலி எங்கேயும் போயிடாது. வெட்டின தழையை ஆட்டுக்குப் போடுங்க, போத்தை அடுத்த குழுவுக்குக் கொடுங்க, மிளாறை மேலே போடுங்க. கொளுத்த ஒண்ணும் மிச்சம் இருக்காது.

என் வேண்டுகோள்

மூன்றே மூன்று கேட்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு குழுவும் இந்த மழைக்கு முன்னாடி ஒரே ஒரு உறுப்பினர் தோட்டத்தில், ஒரே ஒரு பக்கம் மட்டும் மிளாறு வேலி போட்டுப் பாருங்க. தனியாள் இருக்கிற வீடா, எல்லைத் தகராறு இருக்கிற வீடாப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. உனக்கு ஒரு நாள் நான் வர்றேன், எனக்கு ஒரு நாள் நீ வான்னு செஞ்சா கூலி இல்லை.

இரண்டு, எந்தக் குழுவிடம் கிளுவை, கிளைரிசிடியா, பூவரசு, கல்யாண முருங்கைப் போத்து இருக்குன்னு கூட்டமைப்பில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைப்போம். தேவைப்படுறவங்க வெட்டுற நாளில் போய் எடுத்துக்கலாம்.

மூன்று, கம்பி வேலிக்குக் கடன் மனு வந்தா, உடனே கையெழுத்துப் போடாம, "எத்தனை பக்கத்துக்கு? மற்ற பக்கத்துக்கு மிளாறு வேலி ஆகாதா?"ன்னு கூட்டத்தில் கேட்டுட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. மறுக்கச் சொல்லலை, கேட்கச் சொல்றேன்.

சாப்பாட்டு நேரம் ஆச்சு, பின்னால இருந்து பார்வை வருது. நேற்று வெட்டின கிளுவைப் போத்து இரண்டு கட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வெச்சிருக்கேன். போகும்போது ஆளுக்கு ஐந்து எடுத்துட்டுப் போங்க. நாளைக் கழிச்சு நட்டாச் சரியா இருக்கும்.